தறி நின்றால் விழிக்கும் பிள்ளை

என் மகளுக்கு ஐந்து மாதம் முடிகிற வரைக்கும் நான் ஓரிடத்தில் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல உட்கார்ந்ததில்லை. பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவள் படுத்துக் கிடக்க வேண்டும் என்பது சங்கரன்கோவிலில் எழுதாத சட்டம். நானோ முன்வாசலுக்கும் புழக்கடைக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். உலையில் அரிசி போட்டுவிட்டு மாடிக்குப் போவேன், மாடியில் துணி எடுக்க மறந்து இறங்கி வருவேன். காலில் சக்கரம் கட்டியிருக்கிறதா என்று அம்மா கேட்பாள். எனக்குப் பதில் தெரியும், சொல்ல முடியாது. அது ஆஸ்பத்திரிக் கோப்பின் கடைசி உறையில் நாலாக மடித்து இருந்தது.

ஒரு துண்டுச் சீட்டு, அவ்வளவுதான். பிள்ளை பிறந்த மூன்றாம் நாள் ஒரு பெண் கைக்கு அடக்கமான கருவியோடு அறைக்கு வந்தாள். குழந்தையின் காதில் சின்ன முனை ஒன்றைச் செருகி, கொஞ்ச நேரம் பார்த்து, எழுதிக் கொடுத்தாள். வலது காது, மறு பரிசோதனை. இடது காது, மறு பரிசோதனை. பிறந்த பிள்ளைக்குக் காதுக்குள் நீர் இருந்தால் இப்படி வருவது உண்டு, பயப்பட வேண்டாம், ஒரு மாதம் கழித்துக் கட்டாயம் கொண்டு வாருங்கள் என்றாள். அம்மா அப்போது காபி வாங்கக் கீழே போயிருந்தாள். என் கணவர் மருந்துக்கடை வரிசையில் நின்றார். சீட்டை வாங்கியதும் நான்தான், மடித்து ஒளித்ததும் நான்தான்.

ஏன் ஒளித்தேன் என்றால், என் வேலையைப் பற்றியும் கல்யாணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்.

நான் புழு பார்க்கிறவள். சொந்தக்காரர்கள் வயிற்றுப் புழுவா என்று கேட்பார்கள். இல்லை, மண்ணில் இருக்கிறது என்றால், அப்போ உரக் கம்பெனியா என்பார்கள். ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள உருளைப்புழு அது, உடம்பு கண்ணாடி மாதிரி இருக்கும். முட்டையிலிருந்து மூன்றே நாளில் வளர்ந்து ஆளாகிவிடும். அது வளரும்போது அதன் செல்கள் ஒன்றுக்கொன்று என்ன சேதி சொல்லிக்கொள்கின்றன என்று பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில் ஆறு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் பார்த்தது இரண்டே இரண்டு செல்களை. புழு குஞ்சாக இருக்கும்போது அதன் நடு உடம்பில் அவை அடுத்தடுத்து இருக்கும். இரண்டுக்கும் ஒரே தகுதி. ஒன்று நங்கூரச் செல்லாக வேண்டும். அதுதான் கீழே இருக்கிற தோல் செல்களுக்குச் சேதி அனுப்பி, முட்டை வெளியேறுவதற்கு ஒரு வாசலைக் கட்ட வைக்கும். மற்றது கருப்பைச் சுவரோடு போய்ச் சேர வேண்டும். எது எதுவாகும் என்று யாரும் முன்கூட்டி எழுதிவைக்கவில்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று சேதி விட்டுக்கொண்டே இருக்கும். தற்செயலாக ஒன்றின் குரல் ஒரு பொட்டுக் கூடும். அடுத்தது அதைக் கேட்டுத் தன் குரலைத் தாழ்த்தும். இது தாழ்த்தத் தாழ்த்த அது ஏறும். சேதி சொல்வது ஒரு செல்லின் மேல் இருக்கும் புரதம், வாங்கிக்கொள்வது பக்கத்துச் செல்லின் மேல் இருக்கும் இன்னொரு புரதம். வாங்குகிற புரதத்தின் மரபணுவைக் கெடுத்துவிட்டால் ஒன்று சொல்வது மற்றதற்குக் கேட்காது. இரண்டும் விட்டுக்கொடுக்காமல் நங்கூரமாகிவிடும். அந்தச் சேதியை வேண்டுமென்றே மிகையாக்கினாலோ இரண்டுமே ஒதுங்கிக்கொள்ளும், நங்கூரமே இருக்காது, வாசல் திறக்காது. முட்டைகள் வயிற்றுக்குள்ளேயே பொரிந்து, குஞ்சுகள் தாயைத் தின்றுவிட்டு வெளியே வரும். காலையில் அதை எண்ணி எழுதிவிட்டு, கை கழுவிய கையோடு மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டிருக்கிறேன்.

இதே சேதி முறை மனிதக் காதுக்குள்ளும் உண்டு. கருவில் காது உருவாகும்போது எந்தச் செல் ஒலியை வாங்கும் மயிர்ச்செல்லாவது, எது அதற்குத் துணையாக நிற்பது என்பதைப் பக்கத்துச் செல்கள் இப்படித்தான் பேசித் தீர்த்துக்கொள்கின்றன. இதை நானே மாணவர்களுக்குப் படம் போட்டு விளக்கியிருக்கிறேன். காது கேளாமைக்கு நூறு காரணம் இருக்கலாம், இது அவற்றில் ஒன்று மட்டும். ஆனாலும் சீட்டைக் கையில் வாங்கியதும் எனக்கு அந்தப் படம்தான் கண்ணில் வந்தது.

என் கணவர் எனக்கு அத்தை மகன், அப்பாவின் கூடப்பிறந்த அக்காவின் பிள்ளை. முறைமாப்பிள்ளை இருக்கும்போது வெளியே தேடினால் எங்கள் பக்கம் குடும்பத்துக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோகும். அதற்காகத்தான் கட்டிக்கொண்டேன் என்று சொன்னால் பொய். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. புளியங்குடியில் எலுமிச்சைக் கமிஷன் கடையில் ஏலம் கூறுகிறவர். சந்தையின் இந்த மூலையில் கூறினால் அந்த மூலையில் நிற்கும் வியாபாரி கை தூக்குவார். வீட்டுக்குள் வந்தால் அந்தக் குரலைச் சுருட்டி வைத்துவிட்டு மெதுவாகப் பேசுவார். அது என்னை மயக்கிவிட்டது.

ஆய்வகத்தில் என்னோடு படித்தவள் கேட்டாள், சொந்தத்திலா, அதுவும் நீயா என்று. அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. புழுக்களைச் சொந்தத்துக்குள்ளேயே இனம் பெருக்க விட்டு, மறைந்து கிடக்கும் கெட்ட மரபணு நாலில் ஒரு பங்காக வெளியே வருவதை எண்ணுவதுதான் எங்கள் இருவருக்கும் அன்றாட வேலை. நான் காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டேன். அத்தை மகனைக் கட்டினால் ஆபத்து கொஞ்சம்தான் கூடுகிறது என்று காட்டினேன். கணக்கு சரிதான். அந்தக் கொஞ்சம் யாராவது ஒருவர் வீட்டுக்கு வந்துதானே ஆக வேண்டும் என்பது மட்டும் அன்றைக்குத் தோன்றவில்லை. படிச்சவன் பாட்டைக் கெடுத்தான் என்று சும்மாவா சொன்னார்கள். அந்தச் சீட்டை வெளியே எடுத்தால் என் கல்யாணத்தையே எடுத்து நடுக்கூடத்தில் வைக்க வேண்டியிருக்கும். அதனால் மடித்தேன்.

எங்கள் வீட்டுக்கும் விசைத்தறிக் கொட்டகைக்கும் ஒரே சுவர். காலையில் தறி ஓட ஆரம்பித்தால் தரையில் உள்ளங்கால் கூசும், அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக்கொள்ளும். வெளியூர்க்காரர்கள் வந்தால் அரை மணி நேரத்தில் தலைவலி என்று கிளம்பிவிடுவார்கள். எங்களுக்கு அது ஒரு சத்தமே இல்லை. எங்கள் தெருவில் எல்லாரும் பிறந்ததிலிருந்தே ஒரு படி கூட்டித்தான் பேசுவோம்.

பகலில் கூடத்துப் பாயில் கிடத்தினால் பிள்ளை தறி ஓட்டத்தில் அசையாமல் தூங்கினாள். மின்சாரம் போய்த் தறிகள் ஓய்ந்தால் உடனே சிணுங்கி விழித்துவிடுவாள். அம்மாவுக்கு அதில் ஏகப் பெருமை. "தறி ஓடுனாத் தூங்குதா, நின்னா முழிச்சிருதா. நம்ம தெருப் பிள்ளைல்லா" என்று வருகிற போகிற பெண்களிடமெல்லாம் சொன்னாள். அவர்களும் தங்கள் பிள்ளைகள் எல்லாம் அப்படித்தான் என்று தலையாட்டினார்கள். நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். காது கேட்கிற பிள்ளைக்குத்தானே சத்தம் நின்றது தெரியும்.

அதோடு விட்டேனா என்றால் இல்லை. அம்மா குளிக்கப் போகிற நேரமாகப் பார்த்து, எவர்சில்வர் தட்டு ஒன்றைப் பிள்ளையின் தலைமாட்டில் தரையில் போடுவேன். கையும் காலும் விரிந்து உதறும், முகம் சுளிக்கும். எனக்கு உயிர் வரும். ஒரு மணி நேரத்தில் மறுபடி சந்தேகம் வரும், மறுபடி தட்டு. தட்டுகள் எல்லாம் விளிம்பு நெளிந்து போனதற்கு அம்மா பாத்திரம் தேய்க்கிறவளைத் திட்டினாள். பழக்க தோஷத்தில் ஒரு நோட்டில் தேதி, நேரம், அசைந்தாளா இல்லையா என்று பத்தி பிரித்து எழுதினேன். பக்கம் முழுக்க அசைந்தாள், அசைந்தாள், அசைந்தாள். சீட்டில் சொன்ன ஒரு மாதம் வந்தது, போனது. இரண்டாவது மாதமும் போனது. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்பார்கள். நான் கண்ணை மூடியதோடு நிற்காமல் நோட்டும் போட்டு வைத்திருந்தேன்.

சாயங்காலம் அவர் புளியங்குடி பஸ்ஸில் வந்து இறங்குவார். காற்று வரட்டும் என்று வாசல் நிலைக்குப் பக்கத்திலேயே தொட்டில் கட்டியிருந்தோம். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்ததும் "ஏ ராசாத்தி" என்று கூப்பிடுவார். பிள்ளை பட்டென்று அவர் பக்கம் திரும்பிச் சிரிப்பாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த ஒரு நிமிடம்தான் அன்றைக்கு எனக்குக் கிடைக்கிற தூக்கம், சாப்பாடு எல்லாம்.

ஆடித்தபசுத் திருவிழாவுக்குத் தறிக்கு லீவு விட்டார்கள். எதிர்க் கம்பத்தில் குழாய் ஒலிபெருக்கி கட்டியிருந்தது. அதன் வாய் எங்கள் வீட்டை நோக்கி. திடீரென்று அதில் மேளம் அலறியதும் நானே கரண்டியைக் கீழே போட்டுவிட்டேன். பிள்ளை அம்மா மடியில் விழித்துக் கிடந்தாள். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தவள் இமைகூட ஆட்டவில்லை. அசராமல் கிடக்கிறாளே என்று அம்மா அவள் நெற்றியில் கோயில் புற்றுமண்ணைக் குழைத்து இட்டாள். அன்றைக்குத் தறி ஓடவில்லை. தரையும் அசையவில்லை.

ஆய்வகத்துக்கு யார் புதிதாக வந்தாலும் முதல் நாள் நான் சொல்லிக்கொடுக்கிற பாடம் ஒன்று உண்டு. புழுவுக்குக் காது என்று ஒன்று கிடையாது. ஆனாலும் அது இருக்கிற தட்டை விரலால் சுண்டினால் சட்டென்று பின்னால் ஊரும். தட்டு நடுங்குவது அதன் உடம்புக்குத் தெரிகிறது, அவ்வளவுதான். அதனால் தொடுசோதனை செய்யும்போது மேசை மேல் கை வைக்காதே, தட்டை இடிக்காதே, புருவ மயிர் ஒன்றைக் குச்சி நுனியில் ஒட்டி அதால் மட்டும் புழுவைத் தடவு. மேசையில் முழங்கையை ஊன்றினான் என்பதற்காக ஒரு மாணவனின் இரண்டு நாள் வேலையைக் குப்பையில் போடச் சொல்லியிருக்கிறேன். அப்படிப்பட்ட நான், தறி அதிரும் தரையில் பிள்ளையைக் கிடத்தி, அதே தரையில் தட்டைப் போட்டுவிட்டு, காது கேட்கிறது என்று எழுதி வைத்திருந்தேன். புழுவுக்கு ஒரு நியாயம், பெற்ற பிள்ளைக்கு ஒரு நியாயம்.

மறுநாள் காலை இலவம்பஞ்சு மெத்தையை இரண்டாக மடித்து அதன் மேல் அவளைக் கிடத்தினேன். தட்டைத் தரையில் படாமல் ஒரு கையில் தொங்கவிட்டு, அவள் தலைக்குப் பின்னால் கரண்டியால் அடித்தேன். அவள் தன் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து முறை அடித்தேன், பத்து முறையும் விரல்களையே பார்த்தாள். பிறகு பாயில் கிடத்தி, சத்தமில்லாமல் குதிகாலால் தரையை ஓங்கி மிதித்தேன். உடம்பு முழுக்க உதறி அழுதாள். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நானும் அழுதேன். பயம் ஒரு பங்கு என்றால் வெட்கம் மூன்று பங்கு. இந்த ஒற்றைச் சோதனையை முதல் வாரமே செய்திருக்கலாம். எனக்குத் தெரியாதது எதுவும் அதில் இல்லை. வேறு விடை வந்துவிடும் என்றுதான் செய்யவில்லை.

அப்போதும் எனக்கு ஒரு பிடி மிச்சமிருந்தது. அவர் கூப்பிட்டால் திரும்புகிறாளே. தொட்டில் அந்தரத்தில் தொங்குவது, தரை நடுக்கம் அங்கே எட்டாது. கனமான ஆண்குரல் மட்டும் கொஞ்சம் கேட்கிறதோ என்னவோ. அதை முந்தானையில் முடிந்துகொண்டு, அன்று சாயங்காலம் அவரிடம், திருநெல்வேலி போய்ப் பிள்ளைக்குக் காதை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று மட்டும் சொன்னேன். ஏன் எதற்கு என்று அவர் கேட்கவில்லை. நாளைக்கே போவோம் என்றார். ஏலம் உள்ள நாளில் காய்ச்சல் வந்தாலும் கடைக்குப் போகிற மனிதர். அந்த அவசரத்தில் எனக்கு அது உறைக்கவில்லை.

திருநெல்வேலியில் தூக்க மருந்து புகட்டி, அவள் தூங்கியதும் தலையில் மூன்று நான்கு வயர் ஒட்டி, காதில் சத்தம் விட்டு, மூளை வரைக்கும் அது போகிறதா என்று திரையில் பார்த்தார்கள். என்னை வெளியே உட்காரச் சொன்னார்கள். நான் உட்காரவில்லை. அந்த நடையின் டைல்ஸ் கற்களை எத்தனை முறை கடந்தேனோ தெரியாது. அவர் பெஞ்சில் கைகளைத் தொடைக்கு நடுவே வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார்.

உள்ளே கூப்பிட்ட டாக்டரம்மா திரையை எங்கள் பக்கம் திருப்பினார். அலை எழ வேண்டிய இடங்களில் கோடு படுத்துக் கிடந்தது. இரண்டு காதிலும் அப்படித்தான். எனக்குக் கோடுகளைப் படிக்கத் தெரியும், அவர் சொல்லும் முன்பே படித்துவிட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார். கருவி இப்போதே மாட்டிவிடலாம், ஒரு வயதை ஒட்டிக் காதுக்குள் அறுவை செய்து வேறு கருவி வைக்கலாம், அரசுத் திட்டத்திலேயே செய்வார்கள், அப்புறம் பேச்சுப் பயிற்சி. ஒன்று மட்டும் முக்கியம், நாள் கடத்தக் கூடாது. சத்தத்துக்கென்று மூளை ஒதுக்கிய இடத்துக்குச் சேதி எதுவும் வராவிட்டால் அந்த இடம் வேறு வேலைக்குப் போய்விடும். ஐந்தாம் மாதத்திலாவது வந்தீர்களே, நல்லது என்றார். பிறகு படிவத்தைப் பார்த்தபடியே, சந்தேகம் முதலில் எப்போது வந்தது என்று கேட்டார்.

என் கணவர் பக்கத்தில் நின்றார். பொய் சொல்ல ஒரு நொடி இருந்தது.

"பிறந்த மூணாம் நாளே சீட்டுக் கொடுத்தாங்க டாக்டர். நாந்தான் யாருக்கும் காட்டல" என்றேன்.

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். நான் என்ன படித்திருக்கிறேன் என்று அதற்கு முன்பே கேட்டு எழுதியிருந்தார். குனிந்து அதையும் எழுதிக்கொண்டார். என் கணவர் பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆட்டோவுக்கு அவர்தான் காசு கொடுத்தார். பஸ் ஸ்டாண்டில் பிள்ளையை என்னிடமிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். மருந்து தெளிந்து விழித்திருந்தாள். திட்டப் போகிறார், திட்டிவிட்டால் தேவலை என்று நான் காத்திருந்தேன். சங்கரன்கோவில் வண்டி ஒன்று நிரம்பிப் போனது. அடுத்ததற்காக நின்றோம்.

"எனக்கு ரெண்டாம் மாசமே தெரியும்ட்டி" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் என்னைப் பார்க்காமல், பஸ் வரும் வழியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "வந்தன்னைக்கெல்லாம் கூப்பிட்டுப் பாத்தேன். திரும்பல. நீ தட்டத் தூக்கிக்கிட்டு அலையுதது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா. அதான் உள்ள வரும்போது தொட்டில் கயித்தத் தோளால ஒரு இடி இடிச்சிட்டுக் கூப்பிடுவேன். அவ திரும்புனா உன் மொகம் தெளியும். நீயாச் சொல்லுவன்னு இருந்தேன்."

நான் எங்கள் கல்யாணத்துக்காக ஒளித்தேன். அவர் எனக்காக ஒளித்தார். ஒரே வீட்டில், ஒரே தொட்டிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்று, அவளுடைய மூன்று மாதத்தைத் தின்றிருந்தோம். எனக்கு அவர் மேல் வந்த ஆத்திரம் இவ்வளவென்று இல்லை. என் மேல் வர வேண்டியதும் சேர்ந்து அவர் மேல் வந்தது.

"சொல்லிருக்கணும்லா அத்தான்" என்று கத்தினேன்.

அப்படி ஒரு குரல் என்னிடம் இருப்பது எனக்கே தெரியாது. வண்டிக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்த கண்டக்டர் நிறுத்திவிட்டுத் திரும்பினார். டீக்கடையில் நின்றவர்கள் கிளாஸோடு திரும்பினார்கள். வேர்க்கடலைக் கூடையோடு போன அம்மாள் நின்று பார்த்தாள். அவர் தோளில் எனக்கு முதுகு காட்டிக் கிடந்த என் மகள் மட்டும், தூரத்தில் ரிவர்ஸ் எடுக்கிற பஸ்ஸின் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.